மூன்றாம் வீர வல்லாளர்: எழுத்துச் சான்றுகளை வாசித்துப் பொருள்கொள்ளும் முறை

மூன்றாம் வீர வல்லாளர் (ஆட்சி: ஏறத்தாழ 1291 – 1342) ஒய்சள மரபின் கடைசிப் பெருமன்னர். கன்னட வழக்கில் பல்லாளர் என்றும், தமிழ் வழக்கில் வல்லாள மகாராசர் என்றும் அழைக்கப்படுகிறார். தம் ஆட்சியின் பிற்பகுதியில் திருவண்ணாமலையை இருப்பிடமாகக் கொண்டு ஆண்டார். இவரைப் பற்றி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வகை எழுத்துச் சான்றுகள் உள்ளன. அவை கல்வெட்டுகள், இபின் பதூதாவின் பயண நூல், அருணாசல புராணம் ஆகியவை. மூன்றும் மூன்று மொழிச் சூழலில், மூன்று நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. சில இடங்களில் அவை ஒத்துப் போகின்றன. சில இடங்களில் நேருக்கு நேர் முரண்படுகின்றன.

ஒரு பனுவலை வாசித்து அதன் பொருளை ஆராய்ந்து கொள்ளும் திறனைப் பயில இம்மன்னர் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைக் கண்டார், எதைக் கேட்டார், எதைச் சொல்லாமல் விட்டார் என்னும் கேள்விகளை மூன்று சான்றுகளிடமும் கேட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் பொருள்.

வரலாற்றுப் பின்னணி

ஒய்சளர்களின் தலைநகரம் துவாரசமுத்திரம். அது கர்நாடகத்தில் இன்று ஹளேபீடு எனப்படும் ஊர். 13-ஆம் நூற்றாண்டில் சோழர்கள் தளர்ந்தபோது ஒய்சளர் காவிரிக் கரை வரை வந்து, திருச்சிராப்பள்ளிக்கு அருகில் கண்ணனூரில் ஒரு தலைநகரம் அமைத்தனர். இன்றைய சமயபுரம் பகுதியில் உள்ள போசளேசுவரர் கோயில் அக்காலத்தை நினைவூட்டுகிறது. பின்னர் ஒய்சள நாடு மைசூர்ப் பகுதி, தமிழ்ப் பகுதி என இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த நாட்டை மீண்டும் ஒன்றாக்கியவர் மூன்றாம் வல்லாளர்.

1311-ஆம் ஆண்டு தில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் படைத்தலைவர் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டார். வல்லாளர் பணிந்து திறை கொடுத்தார். முகம்மது பின் துக்ளக் காலத்தில் அத்தலைநகரம் மீண்டும் தாக்குண்டது. அதன்பின் மன்னர் தெற்கே வந்து திருவண்ணாமலையில் தங்கினார். தில்லியின் ஆளுநராக மதுரையில் இருந்த ஜலாலுதீன் அஹ்சன் 1335-ஆம் ஆண்டு வாக்கில் தம்மைத் தனிச் சுல்தானாக அறிவித்துக்கொண்டார். மதுரைச் சுல்தான்களுக்கும் வல்லாளருக்கும் இடையே நடந்த நீண்ட போரின் இறுதியில், 1342-ஆம் ஆண்டு வாக்கில், வல்லாளர் உயிரிழந்தார். அவருக்குப் பின் அவர் மகன் விருபாட்சர் நான்காம் வல்லாளராகச் சில ஆண்டுகள் ஆண்டார். 1346-ஆம் ஆண்டு வாக்கில் ஒய்சள ஆட்சி மறைந்து, அந்நிலம் விசயநகர ஆட்சிக்குள் வந்தது.

தமிழ் மரபில் ஆராய்ந்து வாசித்தல்

ஒரு பனுவலை ஆராய்ந்து படிப்பது மேலைநாட்டுக் கல்வி வழியாக வந்த புதுமை அன்று. வல்லாளருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி இதற்கான இலக்கணத்தைத் தருகிறது. நூலாசிரியன் கொள்ளத்தக்க நிலைப்பாடுகளாக ஏழு மதங்களை அது வகுக்கிறது. பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் எடுத்துக்கொண்டு பின்னர் நீக்குவது, தான் ஒன்றை நாட்டி அதை இறுதிவரை நிறுவுவது, இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, பிறர் கருத்தோடு கலவாமல் தன் கருத்தைக் கொள்வது என்பன அவை.

உரைக்கு உரிய கூறுகளாக நன்னூல் பதினான்கைச் சொல்கிறது. அவற்றுள் பாடம், சொற்பொருள், வினா, விடை, துணிவு ஆகிய ஐந்தும் இன்றைய மாணவருக்கும் நேரடியாகப் பயன்படுவன. முதலில் மூலத்தின் பாடம் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு சொல்லுக்குப் பொருள் காண வேண்டும். பிறகு ஐயத்தை வினாவாக எழுப்பி விடை தேட வேண்டும். கடைசியில்தான் துணிவு, அதாவது முடிவு. முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றைத் தேடுவது இவ்வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

உரையாசிரியர்கள் தமக்கு உடன்பாடில்லாத பொருளையும் 'என்பாரும் உளர்' என்று பதிவு செய்தனர். மறுக்கப்பட்ட கருத்தும் அதனால் அழியாமல் அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது. வல்லாளர் பற்றிய மூன்று சான்றுகளையும் இம்முறையிலேயே படிக்கலாம்.

முதல் சான்று: கல்வெட்டுகள்

அண்ணாமலையார் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டு தொடங்கிச் சோழர், காடவர், பாண்டியர், ஒய்சளர், விசயநகர மன்னர், நாயக்கர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றுள் பல தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் எட்டாம் தொகுதியில் (1937) வெளிவந்தன. பின்னர், 1990-இல், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இக்கோயில் கல்வெட்டுகளைத் தனியாகத் தொகுத்து வெளியிட்டது.

கல்வெட்டு எழுத்தை வாசிப்பதிலேயே முதல் சிக்கல் தொடங்குகிறது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். வடசொற்கள் கிரந்த எழுத்தில் கலந்து வரும். ஆகவே வாசிப்பவர் இடம் நோக்கிச் சொல்லைத் துணிய வேண்டியுள்ளது. திருப்பணியின்போது கற்கள் இடம் மாறியதாலும், பின்னாளில் எழுந்த சுவர்கள் மறைத்ததாலும் பல கல்வெட்டுகள் துண்டாகக் கிடைக்கின்றன. பதிப்பாசிரியர்கள் ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் தருவது இதனால்தான். அந்த அடைப்புக்குறியைக் கவனிக்காமல் படிப்பவர், பதிப்பாசிரியரின் ஊகத்தைக் கல்லின் கூற்றாக எடுத்துக்கொள்வார்.

ஒரே கல்வெட்டுக்குள்ளும் எல்லாப் பகுதிகளும் ஒரே தன்மை உடையன அல்ல. பொதுவாக அதன் அமைப்பு மங்கலச் சொல், மன்னரின் புகழ், ஆட்சியாண்டு அல்லது சக ஆண்டு, ஊரும் நாடும், கொடையாளி, கொடைப் பொருள், நிபந்தனை, அறத்தைக் காக்க வேண்டும் என்னும் ஓம்படை, கையொப்பம் என்று செல்லும். மன்னரின் புகழ்ப் பகுதி அரசவை சொல்ல விரும்பியது. தோற்ற போர் அதில் இடம்பெறாது. கொடைப் பகுதியோ ஓர் ஆவணம். நிலத்தின் எல்லையோ விளக்கின் எண்ணிக்கையோ தவறினால் கேட்க ஆள் உண்டு. எனவே புகழ்ப் பகுதியை அரசனின் எண்ணத்துக்கும், கொடைப் பகுதியை ஊரின் நடப்புக்கும் சான்றாகக் கொள்வது முறை.

காலக் கணக்கும் இங்கே தேவை. சக ஆண்டுடன் 78-ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிறித்து ஆண்டு கிடைக்கும். சக ஆண்டு 1264 என்றால் அது 1342-ஐ ஒட்டிய ஆண்டாகும். சக ஆண்டு சித்திரை வாக்கில் தொடங்குவதால், மாதமும் தெரிந்தால்தான் இரண்டு கிறித்து ஆண்டுகளுள் எது என்று உறுதி செய்ய முடியும். ஒரே நிகழ்ச்சிக்கு நூல்களில் 1342 என்றும் 1343 என்றும் காணப்படுவதற்கு இவ்வகைக் கணக்கீடும் ஒரு காரணமாகும்.

கல்வெட்டுகளால் உறுதியாகத் தெரிவன சில உண்டு. 1320-களின் இறுதியில் தொடங்கி, மன்னர் உண்ணாமலைப் பட்டணத்தில் இருந்து ஆள்வதாகச் சொல்லும் கல்வெட்டுகள் கர்நாடகத்தில் கிடைக்கின்றன. அப்பட்டணம் திருவண்ணாமலையே என்பது ஆய்வாளர் முடிபு. இறைவியின் பெயரான உண்ணாமுலையும் ஊர்ப்பெயரான அண்ணாமலையும் அவ்வடிவில் கலந்து ஒலிப்பதைக் காணலாம். மன்னருக்கு விருபாட்சர் என்னும் மகன் இருந்ததும் கல்வெட்டுகளால் தெரிகிறது. மாலிக் காபூர் படையெடுப்புக்குப் பின் தில்லிக்குச் சென்ற இளவரசர் 1313-இல் திரும்பி வந்ததைக் கன்னடக் கல்வெட்டு குறிக்கிறது.

இரண்டாம் சான்று: இபின் பதூதாவின் பயண நூல்

மொராக்கோ நாட்டவரான இபின் பதூதா தில்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் பணியாற்றியவர். மாலத்தீவு, இலங்கை வழியாகத் தமிழகக் கடற்கரைக்கு வந்து மதுரைக்கும் சென்றார். அப்போது மதுரையில் கியாசுதீன் தாமகானி சுல்தானாக இருந்தார். ஜலாலுதீன் அஹ்சனின் மகள்களுள் ஒருவரை இபின் பதூதாவும் மற்றொருவரைக் கியாசுதீனும் மணந்திருந்தனர். எனவே இருவரும் உறவினர்.

வல்லாளரின் முடிவைப் பற்றி விரிவாகச் சொல்லும் நூல் இவருடையதே. அதன் சுருக்கம் வருமாறு: வல்லாளர் பெரும்படையுடன் வந்து ஒரு கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் 14 நாளுக்கு மட்டுமே உணவு எஞ்சியிருந்தது. உள்ளிருந்தோர் சமாதானம் பேசி, மதுரைச் சுல்தானுக்குச் செய்தி அனுப்ப இசைவு கேட்டனர். வல்லாளர் இசைந்தார். செய்தி கிடைத்ததும் கியாசுதீன் படை திரட்டி வந்து, நண்பகலில் முற்றுகைப் படை ஓய்ந்திருந்த வேளையில் தாக்கினார். வந்தவர்கள் கொள்ளையர் என்று நினைத்த ஒய்சளப் படை நிலைகுலைந்தது. 80 வயதான மன்னர் குதிரை ஏற முயன்றபோது சுல்தானின் உறவினர் நாசிருதீனிடம் பிடிபட்டார். விடுதலை தருவதாகச் சொல்லி அவருடைய செல்வத்தையும் யானை குதிரைகளையும் பெற்றுக்கொண்ட சுல்தான், பின்னர் அவரைக் கொன்றார். உரிக்கப்பட்ட தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டது. அதைத் தாம் அங்கே கண்டதாக இபின் பதூதா சொல்கிறார்.

இப்பகுதியை வாசிக்கும்போது ஐந்து செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

1. கண்டதும் கேட்டதும்: போர் நடந்தபோது இபின் பதூதா அங்கே இல்லை. முற்றுகை, கடிதம், பிடிபட்ட விதம் ஆகியவை அவர் மதுரையில் பிறர் வாயிலாகக் கேட்டவை. மதிலில் தொங்கியது மட்டுமே அவர் கண்டதாகச் சொல்வது. இரண்டுக்கும் ஒரே அளவு உறுதி கொடுக்க முடியாது.

2. எழுதப்பட்ட காலம்: இந்நூல் 1355-இல், மொராக்கோவில், இபின் பதூதா நினைவிலிருந்து சொல்ல இபின் ஜுசய் என்பவர் எழுதி ஒழுங்குபடுத்தியது. மதுரையில் இருந்த காலத்துக்கும் நூலுக்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. சொன்னவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர்.

3. எண்கள்: வல்லாளர் படையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர் என்கிறார். இது எண்ணிப் பார்த்த தொகை அன்று. வென்றவர் தரப்பில் வழங்கிய பேச்சு. எதிரியின் படையைப் பெருக்கிச் சொன்னால் வெற்றியின் பெருமை கூடும். ஆனால் மன்னரின் வயது அப்படிப்பட்டதன்று. 1291 வாக்கில் அரியணை ஏறியவர் ஏறத்தாழ 50 ஆண்டு ஆண்டிருக்கிறார். 30 வயது வாக்கில் ஆட்சிக்கு வந்திருந்தால் 80 என்பது பொருந்துகிறது. ஒரே நூலில் ஓர் எண்ணை ஐயத்துடனும் மற்றோர் எண்ணை நம்பிக்கையுடனும் கொள்ள இவ்வாறு காரணம் உண்டு.

4. பெயர்கள்: அரபு எழுத்தில் அயல்நாட்டுப் பெயர்கள் மாறி வழங்கும். பலால் தேவர் என்று அந்நூல் கூறுபவரே வல்லாள தேவர். முற்றுகையிடப்பட்ட கோட்டையின் பெயரைக் கண்ணனூர்க் கொப்பம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். இந்த அடையாளம் நூலின் கூற்று அன்று, ஆய்வாளரின் துணிவு.

5. சார்பு: கியாசுதீன் இபின் பதூதாவின் உறவினர், அவருக்கு இடம் கொடுத்தவர். அப்படியிருந்தும், சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அவர் மறைக்கவில்லை. அது அருவருக்கத்தக்கது என்றும், அதனாலேயே சுல்தானின் முடிவு விரைந்து வந்தது என்றும் எழுதியுள்ளார். தமக்கு வேண்டியவருக்கு எதிராக ஒருவர் சொல்லும் சாட்சி, வேண்டாதவர் சொல்வதைவிட வலியது.

மூன்றாம் சான்று: அருணாசல புராணம்

சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் திருவண்ணாமலையின் தலபுராணமாகும். இவர் 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படுகிறார். அதாவது வல்லாளர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழிந்த பின் எழுதப்பட்ட நூல் இது. இதில் வல்லாள மகாராசருக்கு எனத் தனிச் சருக்கம் உள்ளது.

புராணக் கதையின்படி வல்லாளர் கொடையிற் சிறந்தவர், மகப்பேறு இல்லாதவர். அவருக்கு மல்லமா தேவி, சல்லமா தேவி என இரு மனைவியர். அவர் கொடையைச் சோதிக்கச் சிவபெருமான் அடியவர் வடிவில் வந்து ஒரு கணிகையை வேண்டுகிறார். ஊரில் எவரும் கிடைக்காத நிலையில், சொன்ன சொல் தவறக்கூடாது என்று மன்னர் கலங்க, இளைய அரசி தாமே முன்வருகிறார். அவர் அடியவரை அணுகியபோது அடியவர் குழந்தையாக மாறுகிறார். பின்னர் இறைவன் வெளிப்பட்டு, மன்னருக்குத் தாமே மகனாக இருந்து இறுதிக் கடன் செய்வதாக வாக்களிக்கிறார்.

இக்கதை ஏட்டோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் திருவண்ணாமலைக்கு அருகில் உள்ள பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராசருக்குத் திதி கொடுக்கும் நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. கோயிலின் கோபுரங்களுள் ஒன்று வல்லாள கோபுரம் என்றே வழங்குகிறது. மன்னரின் சிலையும் அதில் உண்டு.

தலபுராணத்தை வாசிக்கும்போது அதன் நோக்கத்தை மறக்கக்கூடாது. தலத்தின் பெருமையைச் சொல்லிப் பத்தியை வளர்ப்பதே அதன் பணி. அரசர் வரிசையும் ஆண்டுக் கணக்கும் தருவது அதன் பணி அன்று. கொடைச் சோதனைக் கதை தமிழ்ச் சைவ மரபுக்குப் புதியதும் அன்று. பெரிய புராணத்தில் இயற்பகை நாயனார் தம் மனைவியையும், சிறுத்தொண்டர் தம் மகனையும் சிவனடியாருக்குத் தரத் துணிகின்றனர். கேட்டதை மறுக்காத அடியவர், கேட்கக்கூடாததைக் கேட்கும் இறைவன், முடிவில் அருள் என்னும் அமைப்பு மூன்று கதைகளிலும் ஒன்றே. ஒரு கதை முன்பே உள்ள வார்ப்பில் அமைந்திருப்பதைக் கண்டால், அதன் நிகழ்ச்சிகளை நேரடி வரலாறாகக் கொள்ளாமல், அந்த வார்ப்பு ஏன் இம்மன்னருக்குப் பொருத்தப்பட்டது என்று கேட்க வேண்டும்.

சான்றுகள் முரண்படும் இடங்கள்

மகன்: முதன்மையான முரண் இதுவே. புராணம் மன்னருக்குப் பிள்ளை இல்லை என்கிறது. கல்வெட்டுகளோ மகன் விருபாட்சரையும் அவர் முடிசூடியதையும் காட்டுகின்றன. இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிய வேண்டும் என்பது நன்னூல் முறை. மன்னருக்கு மகன் இருந்தாரா என்னும் கேள்விக்குக் கல்வெட்டே ஏற்கத்தக்கது. அது சமகாலத்தது, பட்டம் ஏறியவரின் பெயரையும் ஆண்டையும் தருவது.

சிலர் இம்முரணைத் தீர்க்க, புராணம் சொல்லும் வல்லாளர் வேறு, ஒய்சள வல்லாளர் வேறு எனக் கருதக்கூடும். ஆனால் திருவண்ணாமலையில் தங்கி ஆண்ட, வல்லாளர் என்னும் பெயருடைய பெருமன்னராகக் கல்வெட்டுகள் காட்டுபவர் மூன்றாம் வீர வல்லாளரே. புராணம் அவரது நினைவின் மேல் எழுந்தது என்று கொள்வதே பொருத்தம்.

பெயர்: கன்னடப் பல்லாளர் தமிழில் வல்லாளர் ஆகிறார். தமிழில் வல்லாளன் என்பது வலிமை உடையவன், வல்லவன் என்னும் பொருளும் தரும். பிறமொழிப் பெயர் ஒன்று தமிழ்ச் சொல்லாகவே ஒலிக்கத் தொடங்கியதும், அயல்நாட்டு மன்னர் ஊர் மன்னராக மாறுவது எளிதாயிற்று.

குலம்: ஒய்சளக் கல்வெட்டுகள் தம் மரபை யது குலம் என்கின்றன. திருவண்ணாமலை வட்டாரத்தில் வல்லாளரைத் தம் குலமுன்னோராகப் போற்றுவோரும் உண்டு. அரசர்கள் தமக்குச் சூரிய குலம், சந்திர குலம் என்று புராணக் குலங்களைச் சூட்டிக்கொண்டது எங்கும் உள்ள வழக்கம். அது புகழுரையின் பகுதி. அதைக் கொண்டு பிறப்பை நிறுவவும் முடியாது. பிற்காலத்தார் காட்டும் அன்பை மறுக்கவும் தேவையில்லை.

சான்றுகள் நெருங்கும் இடம்

முரண்பாடுகளை மட்டும் பட்டியலிட்டு நிறுத்தினால் வாசிப்பு பாதியில் நின்றுவிடும். இபின் பதூதா அருணாசல புராணத்தை அறிந்திருக்க வழியில்லை. அது அவருக்குப் பின் தோன்றியது. எல்லப்ப நாவலர் அரபு நூலைப் படித்தார் என்பதற்கும் சான்றில்லை. ஆயினும் இரண்டும் ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. அது மன்னரின் இறுதிக் கடன்.

அரபு நூலின்படி மன்னர் தம் ஊரிலிருந்து தொலைவில் கொல்லப்பட்டார். அவர் உடல் பகைவர் வசம் இருந்தது. அதற்கு முறையான எரியூட்டு நடந்ததாகக் கொள்ள இடமில்லை. புராணத்தின்படி மன்னருக்கு இறுதிக் கடன் செய்ய மகன் இல்லை, இறைவனே மகனாகிறார். மகன் இருந்தும் கடன் செய்ய உடல் கிடைக்காத நிலையை, மகனே இல்லை என்று ஊர் நினைவு மாற்றி வைத்துக்கொண்டிருக்கலாம். தங்களுக்கு அரணாக இருந்த முதிய மன்னருக்குத் தீ வைக்கக்கூட முடியவில்லை என்னும் துயரத்தை, தீயே வடிவான அண்ணாமலையார் ஏற்றுக்கொண்டார் என்று ஊரார் ஆறுதல் கண்டிருக்கலாம்.

இது ஊகம். 'இருக்கலாம்' என்னும் சொல் மேலே இருமுறை வருவதை மாணவர் கவனிக்க வேண்டும். மூலத்தில் உள்ளது, மூலத்திலிருந்து உய்த்துணர்வது, நாம் ஊகிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு படிகள். மன்னருக்கு மகன் இருந்தார் என்பது மூலத்தில் உள்ளது. இபின் பதூதா போரை நேரில் காணவில்லை என்பது உய்த்துணர்வு. உடல் கிடைக்காத துயரமே புராணக் கதைக்கு வித்து என்பது ஊகம். ஊகம் செய்வது குற்றமன்று. ஊகத்தை ஊகம் என்று சொல்லாமல் விடுவதே குற்றம்.

தவறான வாசிப்புகள்

வல்லாளர் வரலாறு மூன்று வகையில் தவறாகப் படிக்கப்படுவதுண்டு.

முதலாவது, புராணம் முழுவதையும் வரலாறாகக் கொள்வது. அப்படிக் கொண்டால் விருபாட்சர் என்னும் மன்னரே மறைந்துபோவார்.

இரண்டாவது, புராணத்தைப் பொய் என்று ஒதுக்குவது. நடந்த நிகழ்ச்சிக்கு அது நல்ல சான்று அன்று என்பது உண்மை. ஆனால் ஓர் ஊர் தன் மன்னரை எவ்வாறு நினைவில் வைத்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. துவாரசமுத்திரத்தில் பிறந்த மரபின் மன்னருக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் திதி நடக்கிறது என்பதும் வரலாற்றுச் செய்தியே.

மூன்றாவது, மதுரை மதிற்காட்சியை மட்டும் பிரித்தெடுத்து, இரு சமயத்தாருக்கு இடையே நடந்த போராக இதைச் சுருக்குவது. அதே நூலில், வல்லாளர் படையில் 20,000 முஸ்லிம்களும் இருந்தனர் என்று இபின் பதூதா சொல்கிறார். சுல்தானின் கொடுமையைக் கண்டித்து எழுதியவரும் ஒரு முஸ்லிம் அறிஞரே. மறுபுறம், அக்கொடுமை நடந்ததைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையன்று. ஒரு பத்தியை அதன் முன்பின் பகுதிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. நடுவில் உள்ள நான்கு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் அது பகையை வளர்க்கப் பயன்படும். முழுப் பகுதியையும் படித்தால் அதுவே அக்காலத்தின் சிக்கலைக் காட்டும்.

வாசிப்புப் படிநிலைகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டிலிருந்து எந்தப் பனுவலுக்கும் பொருந்தும் படிநிலைகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

• பாடம்: கையில் உள்ளது மூலமா, பதிப்பா, மொழிபெயர்ப்பா, சுருக்கமா என்று அறிதல்.
• வகை: ஆவணமா, பயண நூலா, புராணமா, செய்தியா எனப் பிரித்து, அவ்வகையின் நோக்கத்தை உணர்தல்.
• எழுதியவர்: காலம், இடம், உறவு, நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைக் குறித்தல்.
• சொல்: பெயர், எண், ஆண்டு, இடம் ஆகியவற்றைத் தனியே எடுத்துச் சரிபார்த்தல்.
• ஒப்பீடு: வேறு சான்றோடு வைத்து, ஒப்பும் முரணும் காணல்.
• துணிவு: எந்தக் கேள்விக்கு எந்தச் சான்று தகுதியானது என முடிவு செய்தல். ஒரு நூல் ஒரு கேள்விக்குத் தகுதியற்றதாகவும் மற்றொரு கேள்விக்குச் சிறந்ததாகவும் இருக்கலாம்.
• மறுப்பு: ஏற்காத கருத்தையும் மறைக்காமல் பதிவு செய்தல்.

பயிற்சி வினாக்கள்

1. வல்லாளரின் படைத்தொகையை ஐயத்துடனும் வயதை நம்பிக்கையுடனும் கொள்வதற்கான காரணங்கள் யாவை?
2. ஒரு கல்வெட்டின் புகழ்ப் பகுதியும் கொடைப் பகுதியும் சான்று என்னும் நிலையில் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. 'மன்னரின் முடிவு பற்றிய செய்தி திருவண்ணாமலைக்கு எட்டியபோது ஊரார் துயருற்றனர்.' இக்கூற்று மூலத்தில் உள்ளதா, உய்த்துணர்வா, ஊகமா? காரணம் கூறுக.
4. இபின் பதூதாவுக்கும் கியாசுதீனுக்கும் இருந்த உறவு, அவர் சாட்சியத்தின் மதிப்பைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?
5. உங்கள் ஊர்க் கோயிலின் தலவரலாற்றுப் பலகையில் உள்ள ஐந்து செய்திகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கல்வெட்டு, இலக்கியம், வாய்மொழி ஆகியவற்றுள் எது ஆதாரமாக இருக்க முடியும் என்று ஆராய்க.